வீட்டுக்குள் மட்டும் வேலை: வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு கட்டாக்காலி நாய்

காது கேளாத ஒருவருக்கு உதவியாக ஒரு கட்டாக்காலி நாயைப் பழக்க முடியுமா என்று கேட்டால் தாராளமாக முடியும் என்பேன். அதே நாயைக் கண் தெரியாத ஒருவருக்கு வழிகாட்டப் பழக்கித் தருவீர்களா என்று கேட்டால், கொழும்பில் மாட்டேன் என்பேன். முதல் பதிலுக்கு ஆதாரமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீடு இருக்கிறது. அங்கே நடந்ததை வீட்டுக்காரரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். தன் பெயரும் ஒழுங்கையின் பெயரும் மட்டும் வேண்டாம் என்றார். நாயின் பெயர் ரோசி. அதைச் சொல்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

வீடும் தேவையும்

காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று. நாலு மாடிக் கட்டடம், லிப்ட் இல்லை. இரண்டாம் மாடியில் ஐம்பது கடந்த ஒரு பெண் சாரி பிளவுஸ் தைத்துக் குடும்பத்தைப் பார்க்கிறார். நான் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவேன், அதனால் இங்கும் அப்படியே. கணவர் கட்டாரில் வேலை. மகள் பேராதனையில் படிக்கிறாள், விடுமுறைக்கு மட்டும் வருவாள்.

நாற்பதுகளின் நடுவில் அன்ரிக்குக் காது மங்கத் தொடங்கி, இப்போது காது மெஷின் இல்லாமல் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. மெஷின் போட்டால் எதிரில் இருப்பவரோடு நன்றாகக் கதைக்கலாம். ஆனால் தையல் மெஷின் ஓடும்போது காது மெஷின் அந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கித் தலைக்குள் இறக்குகிறது. அதனால் தைக்க உட்கார்ந்தால் கழற்றி ஊசிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். நாளின் பெரும்பகுதி தைப்பதுதான். ஆக, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் அவருக்குக் காதில்லை.

விளைவுகள் சின்னச் சின்னவை, ஆனால் தினமும் நடப்பவை. பிளவுஸ் வாங்க வந்தவர்கள் மணியடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதில் சிலர் வேறு தையல்காரரிடம் போனார்கள். கணவரின் அழைப்பு தவறினால் அந்தப் பக்கம் பதற்றம். இரவில் மகளுக்கு நித்திரை இல்லை: அம்மா தனியாக, கதவு தட்டினாலும் தெரியாது, ஏதும் எரிந்தாலும் தெரியாது. நாய் என்ற யோசனை மகளுடையது. அன்ரிக்கு முதலில் இஷ்டமில்லை. துணியெல்லாம் மயிர் ஒட்டும் என்றார். ஒட்டத்தான் செய்கிறது. வாடிக்கையாளரின் பட்டுத் துணிகள் இப்போது மூடியுள்ள பெட்டியில் இருக்கின்றன.

நாய் எதற்கு, விளக்கு மணி போதாதா?

இந்தக் கேள்வியை நானே முதலில் கேட்டேன். மணியை அமத்தினால் மின்னும் விளக்கு, தலையணைக்கடியில் அதிரும் கடிகாரம், கையில் அதிரும் மணிக்கூடு எல்லாம் கிடைக்கின்றன. ஒரு நாயின் ஓராண்டுச் சாப்பாட்டுச் செலவைவிட மலிவு. பழக்கத் தேவையில்லை, உண்ணிக் காய்ச்சல் வராது. உதவி நாய் வேண்டும் என்று வருபவர்களில் பலருக்கு நான் முதலில் சொல்வது இவற்றை வாங்கிப் பாருங்கள் என்பதைத்தான். அன்ரியும் விளக்கு மணி வாங்கினார், இன்றும் இருக்கிறது.

ஆனால் தைப்பவரின் கண் துணியில் இருக்கும். முதுகுக்குப் பின்னால் மின்னும் விளக்கு பகல் வெளிச்சத்தில் படாது. தொடும் ஒன்றுதான் அவருக்குச் சரி. அதிர்வு மணிக்கூடு தையல் மெஷினின் அதிர்வோடு கலந்துவிடுகிறது என்றார். அப்புறம் மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுவரில் செருகியிருந்த எதுவும் அந்த நாட்களில் வேலை செய்யவில்லை. இவை போக ஒரு காரணம் அவர் கடைசியில்தான் சொன்னார்: வீட்டில் இன்னொரு உயிர் வேண்டும். இதைச் சிறிய காரணமாக நான் எடுப்பதில்லை. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் பழக்கப்பட்ட நாய் தேவையில்லை, ஒரு நல்ல வீட்டு நாயே போதும் என்று சொல்லியிருப்பேன்.

ஏன் தெரு நாய்

உதவி நாய் என்றதும் லாப்ரடோரும் கோல்டன் ரிட்ரீவரும்தான் எல்லோர் கண்ணிலும் வரும். கண் தெரியாதவருக்கு வழிகாட்டவும் சக்கர நாற்காலிக்காரருக்குப் பொருள் எடுத்துக் கொடுக்கவும் அவை பொருத்தம்தான். தலைமுறை தலைமுறையாக இதற்கென்றே வளர்க்கும் நிறுவனங்களிலேயே மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை குட்டிகள் கடைசியில் தேறுவதில்லை. அப்படியானால் தாய் தகப்பன் தெரியாத தெரு நாய்க்கு என்ன வாய்ப்பு?

வேலையைப் பொறுத்தது. காதுக்கு உதவும் நாய்க்கு ஒரே ஒரு குணம் இல்லாவிட்டால் வேறு எது இருந்தும் பயனில்லை: சத்தம் கேட்டால் அது என்னவென்று பார்க்காமல் இருக்க முடியாத குணம். அமைதியான, எதையும் கண்டுகொள்ளாத நாய் வழிகாட்டலாம், காதாக வேலை செய்யாது. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் ரோய் கபாட் 1977இல் காது கேளாதோருக்காகத் தொடங்கிய அமைப்பு காப்பகங்களிலிருந்தே நாய்களைத் தெரிந்தெடுத்தது. துருதுருவென்று எதற்கும் எழும்பி ஓடும் நாய்களைத்தான் சனம் தாங்க முடியாமல் காப்பகத்தில் விடுகிறது, அவையேதான் இந்த வேலைக்கு ஏற்றவை. கொழும்புத் தெருவில் ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் தப்பி ஒரு வயது தாண்டிய நாய்க்குக் காது எப்படி வேலை செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உடலளவும் சரி. நம்மூர் நாய் பெரும்பாலும் பதினைந்து கிலோவை ஒட்டியே நிற்கும். ஆள் சாய்ந்து எழும்ப அது தாங்காது, நாற்காலி இழுக்கவும் கூடாது, இடுப்பெலும்பு போய்விடும். முழங்காலைத் தொட்டுக் கூப்பிட அந்த அளவே போதும். சிறிய வீட்டுக்கு அதுவே வசதி.

சட்டி மூடிச் சோதனை

ரோசி வந்தது கொழும்புக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் காப்பகத்திலிருந்து. அரசாங்கம் 2006இல் நாய்களைக் கொல்வதை நிறுத்தியதிலிருந்து கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்றாகிவிட்டது. பிடித்த நாய்களில் கொஞ்சம் திரும்பத் தெருவுக்குப் போகும், கொஞ்சம் இப்படிக் காப்பகங்களில் தேங்கும். ரோசி தேங்கியது. காதோரத்தில் கருத்தடை வெட்டு, செம்மண் நிறம், வாலின் நுனி மட்டும் வெள்ளை. ஒன்றரை வயது இருக்கும் என்று மிருக வைத்தியர் பல்லைப் பார்த்துச் சொன்னார். குட்டி எடுக்கலாமே என்று மகள் கேட்டாள். குட்டியில் நாயின் குணம் தெரியாது. ஒன்றரை வயதில் இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

நான் வைக்கும் சோதனைகளில் முக்கியமானது அலுமினியச் சட்டி மூடி ஒன்றை நாயின் பின்னால் நிலத்தில் போடுவது. எல்லா நாயும் திடுக்கிடும், அது குற்றமில்லை. அதற்குப் பிறகு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. காப்பகத்தில் எல்லோருக்கும் பிடித்த பெரிய கறுப்பு நாய் ஒன்று திரும்பியே பார்க்கவில்லை. தங்கமான நாய், இந்த வேலைக்கு இல்லை. இன்னொன்று கூட்டின் மூலைக்குப் போய் அரைமணி வரவில்லை. ரோசி துள்ளி விலகி, நின்று, கழுத்தை நீட்டி மெல்ல வந்து மூடியை முகர்ந்து, காலால் தட்டிப் பார்த்தது. தட்டின சத்தத்துக்கு மறுபடி துள்ளி, மறுபடி தட்டியது. அந்த இரண்டாம் தட்டில்தான் நான் முடிவெடுத்தேன்.

சோதனையைப் பெரிதாக நம்பவும் கூடாது. 1997இல் வைஸ், கிரீன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள், சேவை நாய் தெரிவுக்கு வழக்கமாக வைக்கும் சோதனைகள் காப்பக நாய்களில் எவ்வளவு பலிக்கின்றன என்று பார்த்தார்கள். பெரிதாகப் பலிக்கவில்லை. அதனால் நான் சோதனையை நாய்களைக் கழித்துவிடத்தான் பயன்படுத்துகிறேன். சாப்பாட்டுக் கோப்பையருகே கை போனால் உறுமும் நாய், குழந்தையைக் கண்டு விறைக்கும் நாய், பாதத்தைத் தொட விடாத நாய் இவை கழிபடும். மிஞ்சியதைப் பழக்கிப் பார்த்தால்தான் தெரியும். பார்த்துச் சரிவராவிட்டால் அந்த நாய் எங்கே போகும் என்பதும் முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். ரோசி தேறாவிட்டாலும் அன்ரி வீட்டிலேயே இருக்கும் என்று மகள் வாக்குக் கொடுத்த பிறகுதான் காப்பகத்திலிருந்து கூட்டி வந்தோம். பழக்கிப் பார்த்துவிட்டுத் தெருவில் விடுவது என்பது என் பட்டியலில் இல்லை.

வருவதற்கு முன் இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் இருந்தது. தெரு நாயில் இது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மருந்து முடிந்து, விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் எலிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் ஊசியும் போட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்தோம்.

படிக்கட்டு

பழக்கத் தொடங்கும் முன்பே நின்றுவிட்டது. ரோசி தன் வாழ்நாளில் மாடிப்படி ஏறியதில்லை. கீழ்ப்படியில் நான்கு காலையும் ஊன்றி நின்றது. தூக்கிக்கொண்டு போகலாம்தான். ஆனால் காலையும் மாலையும் பதினைந்து கிலோவைத் தூக்கி இறங்க அன்ரியால் முடியாது. அதோடு, தூக்கினால் ஏறும் நாய் தானாக ஏறப் பழகாது. ஒவ்வொரு படியிலும் அவித்த ஈரல் துண்டு ஒன்று. ஏறுவது ஒரே மாலையில் வந்துவிட்டது. இறங்குவதுதான் பாடு. மேலே நின்று கீழே பார்க்கும்போது படி அதற்குக் குழியாகத் தெரிந்திருக்க வேண்டும். கடைசிப் படியிலிருந்து ஒன்று, பிறகு கடைசி இரண்டிலிருந்து என்று கீழிருந்து மேலாகப் பழக்கினோம். எப்போதும் சுவர்ப் பக்கம்.

சுவர்ப் பக்கம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம். நாயின் எச்சில் பட்டால் கழுவித் தூய்மை செய்யாமல் தொழ முடியாது என்பது அவர்கள் மார்க்கம். அன்ரி நாயைக் கொண்டுவரும் முன்பே கீழே போய்ப் பேசினார். அந்த வீட்டு உம்மா, "பிள்ளை, நாய் எங்கட கதவுப் பக்கம் வராம பார்த்துக்கொண்டா எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். அதன்படியே நடக்கிறது. வார் குட்டையாகப் பிடித்து, யாரும் வந்தால் ரோசி படிக்கட்டு மேடையில் சுவரோடு ஒட்டி உட்காரும், அவர்கள் கடந்த பிறகுதான் எழும்பும். இதைப் பழக்க எடுத்த நேரம் வேறு எந்தப் பாடத்துக்கும் குறைவில்லை. மணிக்கு எழும்பாத நாயோடு அன்ரி சமாளித்திருப்பார். அயலோடு முறுகல் வந்தால் நாயே வீட்டில் நிற்க முடியாது. பின்னர் அந்த வீட்டுப் பையன்தான் பாடசாலை விட்டு வரும்போது மேலே ஏறி மணியடித்துத் தரும் வேலையை எடுத்துக்கொண்டான்.

வந்த புதிதில் வேறு எதையும் பழக்கவில்லை. தின்னட்டும், தூங்கட்டும், மெஷின் சத்தம் பழகட்டும், சீமெந்தில் போகாமல் தென்னைமரத்தடி வரை அடக்கப் பழகட்டும் என்று விட்டோம். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் தெரு நாயைக் கெடுப்பார்கள்.

குரைக்காமல் தொடுவது

தெரு நாய் வாசலில் ஆள் வந்தால் குரைக்கும். காது கேளாதவருக்குக் குரைப்பால் என்ன பயன்? தொடர்மாடியில் அது தொல்லை வேறு. ஆகவே, குரைக்கும் உந்துதலைக் கொல்லாமல் அதை வேறு வேலைக்குத் திருப்ப வேண்டும்: சத்தம் கேட்டதும் ஆளிடம் ஓடிவந்து முழங்காலை மூக்கால் இடிக்க வேண்டும், பிறகு சத்தத்தின் இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

பழக்குவது பின்னிருந்து முன்னாக. முதலில் சத்தமே இல்லை. உள்ளங்கையை மூக்கால் தொட்டால் ஈரல். கை மெல்ல முழங்காலுக்குப் போகும், பிறகு கை விலகி முழங்கால் மட்டும் மிஞ்சும். "சரி, இதுதான்" என்று நாய்க்குச் சொல்லும் அடையாளமாக நாங்கள் வழக்கமாக ஒரு கிளிக் சத்தம் வைப்போம். கேளாதவர் அதைத் தான் அமத்தினேனா இல்லையா என்று உறுதிப்படுத்த முடியாது. எனவே விரல்களை விரித்துக் காட்டுவது அடையாளமானது. அன்ரியின் கை வேகமான கை, ஊசியில் நூல் கோப்பவரின் கை. இரண்டொரு நாளில் அவரது நேரம் என்னுடையதைவிடத் துல்லியமாக இருந்தது.

அப்புறம் மணி. இங்கே எல்லோரும் இடறும் ஒரு இடம் உண்டு. மணி அடிக்கப்போகிறது என்று தெரிந்தவரின் உடல் அதற்கு ஒரு கணம் முன்பே மாறிவிடும்: தோள் நிமிரும், கண் கதவுக்குப் போகும். நாய் மணியைக் கற்காது, அந்தத் தோளைக் கற்கும். பயிற்சியில் நூற்றுக்கு நூறு தொடும், பயிற்சியாளர் வீட்டுக்குப் போனதும் ஒன்றும் செய்யாது. இதைத் தவிர்க்க மணியடிப்பவர் யார், எப்போது என்பது அன்ரிக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். தெரியாமல் இருப்பது அவருக்குச் சுலபம், காது மெஷினைக் கழற்றினால் போதும். கீழ்வீட்டுப் பையன் தன் இஷ்டத்துக்கு அடிப்பான். அன்ரி குனிந்து பிளவுஸ் கையைப் பொருத்திக்கொண்டிருப்பார். ரோசி கட்டிலுக்கடியிலிருந்து தலையைத் தூக்கும், கதவைப் பார்க்கும், தொண்டைக்குள் ஒரு "வுஃப்" பாதியில் நிற்கும், பிறகு நகம் தரையில் சறுக்க ஓடிவந்து முழங்காலில் ஒரு இடி. மெஷின் நிற்கும், விரல் விரியும். "எங்கே?" என்று இரண்டு உள்ளங்கையையும் அன்ரி திருப்பிக் காட்டினால் வாசலுக்கு ஓடும். ஈரல் வாசலில்தான். முழங்காலிலேயே கொடுத்தால் கூட்டிப்போகும் பகுதி தேய்ந்துவிடும்.

மணி வந்த பிறகு கைப்பேசி வந்தது. மகள் "அம்மாவிடம் போ" என்று அனுப்பினால் போய்த் தொடுவதும் வந்தது. புகை எச்சரிக்கைக் கருவிக்கு வேறு பாடம். அந்தச் சத்தத்துக்குத் தொட்டதும் கூட்டிப்போகக் கூடாது, நெருப்புக்குள் கூட்டிப்போவதாகிவிடும். 1982இல் தொடங்கிய பிரித்தானியாவின் ஹியரிங் டாக்ஸ் அமைப்பு அபாயச் சத்தத்துக்குத் தொட்டுவிட்டுப் படுக்கப் பழக்குகிறது. ரோசியும் அப்படியே. நம் வீடுகளில் அந்தக் கருவியே இல்லாததால் முதலில் அதை வாங்கி மாட்ட வேண்டியிருந்தது.

குக்கரைக் கைவிட்டோம். மூன்று விசிலுக்கு இறக்க வேண்டிய பருப்புக்கு ரோசி ஒவ்வொரு விசிலுக்கும் வந்து இடித்தது. எண்ணப் பழக்கும் பேச்சுக்கே இடமில்லை. அதிரும் மணிக்கூட்டில் நேரம் வைத்துக்கொள்கிறார் அன்ரி, சட்டைப் பையில் இருப்பதால் அது தெரிகிறது. இயந்திரம் நன்றாகச் செய்வதை நாயிடம் கொடுக்க வேண்டாம்.

பழக்காமலே ரோசி கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மாலையில் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ அந்தத் தெரிந்த பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். அன்ரி கீழே இறங்கி வாங்கினால் ரோசிக்கும் ஒரு துண்டு கிடைக்கும். இரண்டு வாரத்தில் அந்த மெட்டுக்கும் முழங்காலில் இடி விழத் தொடங்கியது. நிறுத்தவா என்று கேட்டேன். "ஏன் நிப்பாட்டவேணும், எனக்கும் இப்ப பாண் வண்டி தவறுறேல்ல" என்றார்.

பொய்யும் விடுமுறையும்

எல்லா நாயும் ஒரு கட்டத்தில் கணக்குப் போடும்: தொட்டால் ஈரல் வருகிறது, சத்தம் எதற்கு? ரோசியும் சும்மா வந்து இடிக்கத் தொடங்கியது. திட்டுவது தவறு. திட்டினால் உண்மையான மணிக்கும் தயங்கும். அன்ரி ஒவ்வொரு முறையும் எழும்பி "எங்கே?" என்று கேட்டார். கூட்டிப்போக இடமில்லாமல் ரோசி நடுக்கூடத்தில் நின்று முழிக்கும். ஈரல் இல்லை, கோபமும் இல்லை, திரும்பித் தையலுக்கு. ஓரிரு வாரத்தில் பொய் குறைந்தது. இதில் அன்ரியின் பொறுமைதான் வேலை செய்தது. அந்த வாரங்களில் தையல் எவ்வளவு பிந்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய சறுக்கல் மகள் விடுமுறைக்கு வந்தபோது நடந்தது. மணி அடித்தால் மகள் எழும்பிப் போய்க் கதவைத் திறப்பாள், நல்ல பிள்ளை. ரோசி அன்ரியிடம் ஓடி வருவதற்குள் கதவு திறந்தாயிற்று, ஆள் உள்ளே. தொட்டும் பயனில்லை என்றானதும் தொடுவது நின்றது. மகள் திரும்பிப் பேராதனைக்குப் போன பிறகும் நின்றே இருந்தது. பழையபடி கொண்டுவர முதலிலிருந்து பாதிப் பாடம் போக வேண்டியிருந்தது. இப்போது வீட்டில் ஒரு சட்டம்: யார் இருந்தாலும் ரோசி அன்ரியைத் தொட்டு அன்ரி எழும்பும் வரை கதவுப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது. வெளியில் நிற்பவர் கொஞ்சம் காத்திருக்கட்டும். கட்டாரிலிருந்து வந்த கணவருக்கு இது விளங்க இரண்டு சண்டை தேவைப்பட்டது.

வெளியே ஏன் போகவில்லை

உள்ளே வேலை நிலைபெற்றதும் சந்தைக்கும் வங்கிக்கும் ரோசியைக் கூட்டிப்போக அன்ரி ஆசைப்பட்டார். நியாயமான ஆசை. மரைன் டிரைவில் மாலை நேரத்தில் கூட்டிப்போய்ப் பார்த்தோம். ரயில் பக்கத்தில் அலறிக்கொண்டு போனாலும் ரோசிக்குக் கவலையில்லை. பஸ் ஹார்ன், பட்டாசு, எதுவும் பெரிதில்லை. சிக்கல் மற்ற நாய்கள். வெள்ளவத்தையில் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு நாய்க்கூட்டம், ஒவ்வொன்றுக்கும் எல்லை. தெருவில் வளர்ந்த ரோசிக்கு அந்த எல்லைகள் நன்றாகத் தெரியும். ஒழுங்கை முனை வந்ததும் வால் இடுக்கப்படும், காது பின்னால் போகும், அன்ரியை மறந்துவிடும். அந்த நிலையில் அது உதவி நாயில்லை, தன் உயிரைக் காக்கப் பார்க்கும் நாய். விடாமல் பழக்கினால் ஒருவேளை தாங்கியிருக்கும். ஆனால் தினமும் பயப்பட வைத்து ஒரு நாயிடம் வேலை வாங்க எனக்கு மனமில்லை, அன்ரிக்கும் இல்லை.

வெளியே போக உரிமையும் தெளிவாக இல்லை. அமெரிக்காவில் இயலாமை உள்ளவருக்கென வேலை பழக்கப்பட்ட நாயைக் கடையும் உணவகமும் மறுக்க முடியாது. அது இயலாமை காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன வேலை பழகியிருக்கிறது என்ற இரண்டு கேள்விதான் கேட்கலாம், இனமும் சான்றிதழும் கேட்க முடியாது. நம்மிடம் இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு, கட்டடங்களுக்குள் போய்வரும் வசதி பற்றி 2006இல் வந்த ஒழுங்குவிதிகள் உண்டு, இயலாமை உள்ளவர்களின் உரிமைகள் பற்றி 2016இல் ஏற்றுக்கொண்ட ஐநா சாசனமும் உண்டு. சாசனத்தின் 9ஆம் உறுப்புரை உயிருள்ள உதவியாளர்களையும் பேசுகிறது. இவற்றை வைத்து ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். வங்கி வாசலில் நிற்கும் பாதுகாவலரிடம் அன்ரி வாதாட முடியாது, அதுவும் காதில் மெஷின் இரைந்துகொண்டிருக்கையில். இணையத்தில் வாங்கும் "சேவை நாய்" சட்டையைப் போட்டால் விடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். சட்டை உரிமை தராது. பழக்கம் போதாத நாய்க்கு அதைப் போட்டால், நாளை உண்மையான வழிகாட்டி நாயோடு வருபவரையும் சேர்த்து விரட்டுவார்கள்.

ஆகவே ரோசி வீட்டுக்குள் மட்டும் வேலை செய்கிறது. இதை அரைகுறை வெற்றி என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. அன்ரிக்குக் காது தேவைப்படும் நேரம் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கும் நேரம். சந்தையில் காது மெஷின் போட்டிருப்பார், கண்ணும் கடைக்காரரில் இருக்கும்.

இப்போது

வாசல் மணி அநேகமாகத் தவறுவதில்லை. கைப்பேசி, அது எந்த அறையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. மகளின் அனுப்புதல் நன்றாக நடக்கிறது. புகைக் கருவி வாரம் ஒரு முறை அமத்திச் சோதிக்கப்படுகிறது. ரோசி படுக்கிறது, சில வேளை படுக்க யோசிக்கிறது. இரவில் நம்பகம் குறைவு. அன்ரி கொசுவலைக்குள் இருப்பதால் முழங்கால் கிடைப்பதில்லை, கட்டிலோரம் காலை ஊன்றி வலையை இடிக்கப் பழக்குகிறோம். அன்ரி சொல்லும் பெரிய பயன் பாடத்தில் இல்லாதது. ரோசியின் காது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் ஏதோ நடக்கிறது என்று துணியிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தே அவருக்குத் தெரிகிறது. இறக்குமதித் தீனி 2022க்குப் பிறகு கைக்கெட்டாத விலை, எனவே சோறும் கோழிக்கழுத்தும் பூசணியும். வருடாந்தத் தடுப்பூசி, உண்ணி மருந்து, இரத்தப் பரிசோதனை எல்லாம் மகள் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறாள். ரோசிக்குப் பத்து வயதாகும்போது என்ன என்பதற்கும் பதில் உண்டு: அதற்கு முன்பே இன்னொரு நாய், ரோசிக்கு அதே கட்டிலடி.

இந்த வீட்டைக் கேள்விப்பட்டு கொட்டாஞ்சேனையிலிருந்து பார்வை இழந்த ஒருவர் வந்தார். காப்பகத்திலிருந்து ஒரு நாயை வழிகாட்டப் பழக்கித் தாருங்கள் என்றார். வழிகாட்டி நாய் என்பது முதலாம் உலகப் போரில் கண் இழந்த சிப்பாய்களுக்காக ஜேர்மனியின் ஓல்டன்பேர்க்கில் 1916இல் பள்ளியாகத் தொடங்கியது. அன்றிலிருந்து தொடர்ச்சியான நடைபாதை, வீதி கடக்க ஒழுங்கு, குறுக்கே வராத நாய்கள் எல்லாம் அதற்கு அடிப்படை. கொட்டாஞ்சேனையில் நடைபாதை கடைகளுக்கு உரியது. நாய் ஒரு கணம் மற்ற நாயைத் திரும்பிப் பார்த்தால் பஸ்ஸுக்கு முன்னால் நிற்கப்போவது அவர். முடியாது என்று சொல்லி, வெள்ளைப் பிரம்புப் பயிற்சியை முதலில் முடியுங்கள் என்றேன். கோபப்பட்டார். பிறகு, அந்தச் சட்டி மூடிக்குத் திரும்பாத கறுப்பு நாயை வீட்டுக்கு எடுக்கலாமா, அது சும்மா இருக்கட்டும் என்று கேட்டார். அடுத்த கிழமை காப்பகத்துக்குப் போகிறோம்.